இரண்டு தொகுதிகளாக ஒரு ஜோடி கிளவுஸ்

பூசணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பண்டிகை கிடையாது, மதியச் சாப்பாட்டு வேளை கிடையாது. ஐப்பசி மழை விடாமல் பிடித்தால் போதும், தோல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். இந்த ஜில்லாவில் லீவு போடாமல் உழைக்கிற ஜீவன் அது ஒன்றுதான் என்று ஆம்பூர் ஜியாவுல்லாவுக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு ஷெட். பத்துப் பன்னிரண்டு பெண்கள் தையல் மிஷினில் உட்கார்ந்து தோல் கிளவுஸ் தைப்பார்கள். ஜெர்மனிக்காரன் தோட்டத்தில் ரோஜாச்செடி வெட்டும்போது முள் குத்தாமல் போட்டுக்கொள்கிற கிளவுஸ். வருஷத்தில் பெரிய ஆர்டர் அது ஒன்றுதான். எல்லாவற்றையும் தைத்து, பெட்டி பெட்டியாக அடுக்கி, லாரிக்கும் சொல்லிவிட்டு மனுஷன் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தாள். "யா அல்லா!" என்றாள். கிளவுஸுக்கெல்லாம் பச்சையாகத் தாடி முளைத்திருந்தது.

ஜியாவுல்லா கெமிக்கல் கடை சமீருல்லாவிடம் ஓடினார். சமீருல்லா ஒரு வெள்ளைக் கேனையும் ஒரு நீலக் கேனையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டும் பூசணத்தை ஒழிச்சிரும் பாய். ஆனா ஒண்ணை ஜெர்மனியில தடை பண்ணிட்டான். எதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு கம்பெனிக்காரனும் அடுத்தவனோடதுதான் தடைன்றான். தப்பானதைத் தொட்டீங்க, அங்க டெஸ்ட்ல காட்டிக்கும், மொத்த சரக்கும் ரிட்டர்ன். போன வருஷம் ஒருத்தர் ஷெட்டைப் பூட்டிட்டு இப்ப ஆட்டோ ஓட்டறார்."

"அப்ப யாரைத்தான் கேக்கறது?"

"வேலூர்ல தோல் தகவல் வாரியம் இருக்கே, அங்க ஒரு லைப்ரரி. எந்த நாட்டுல எது தடைன்னு எல்லாம் வெச்சிருக்காங்களாம். ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க."

சரக்கு வாங்குகிறவனையே கேட்கலாமே என்பீர்கள். பெண் பார்க்க வந்தவனிடமே, "எங்க பொண்ணுக்குச் சொறி, எந்த டாக்டர்கிட்ட காட்டலாம்?" என்று எந்தத் தகப்பன் கேட்பான்? போனில் தேடிப் பார்த்தார். இரண்டு கேனுக்கும் விளம்பரம்தான் வந்தது. ஆகவே ஒரு ஜோடி பூசணம் பிடித்த கிளவுஸைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு மருந்தின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மழையோடு மழையாக வேலூர் பஸ் ஏறினார். மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனார், பாவம்.

வாரியம் பாகாயம் போகிற ரோட்டில் இருந்தது. வாசலில் ஆளுயரப் பலகை: 'ஆராய்ச்சிச் சேவைகள் நூலகம். உங்கள் வினா எங்கள் விருந்தாளி.' பலகைக்குக் கீழே ஸ்டூல் போட்டு சவுரியம்மாள் என்கிற வாசல் ஊழியர் உட்கார்ந்திருந்தார்.

"பையை இங்க வெச்சிட்டு டோக்கன் வாங்கிக்க. போனையும் வை. உள்ள போன் கூடாது."

பையையும் போனையும் கொடுத்துவிட்டு, ஜியாவுல்லா கிளவுஸை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். காட்டிக் கேட்க வேண்டுமே.

"இன்னாது அது கையில?"

"கிளவுஸ்மா. மேடத்துக்குக் காட்டணும்."

"எதா இருந்தாலும் சீல் இல்லாம உள்ள போகக்கூடாது. நாளைக்கு எது யாருதுன்னு தெரியாம போச்சுன்னா என் தலைதான் உருளும்." சொல்லிக்கொண்டே இடது கிளவுஸில் ஒரு குத்து, வலது கிளவுஸில் ஒரு குத்து. வட்டமாக, ஊதா மையில், வாரியத்தின் சீல்.

உள்ளே ஏசி குளிர் எலும்பைப் பிடித்தது. அத்தனை பெரிய ஹாலில் படிக்க வந்தவர் ஒருத்தர் கிடையாது. ஆராய்ச்சிச் சேவை அலுவலர் மோகனா எழுந்து நின்று கைகூப்பினார்.

"வணக்கம் சார். உங்கள் வினா எங்கள் விருந்தாளி."

"மேடம், ஒரே ஒரு விஷயம். ஜெர்மனிக்கு அனுப்பற தோல்ல பூசணம். இந்த ரெண்டு மருந்துல எது போடலாம், எது கூடாது?"

மோகனா அவர் நீட்டிய சீட்டைப் பார்க்கவில்லை. கிளவுஸில் இருந்த சீலைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சி! இந்த நூலகத்துக்குப் புது வரவு என்று ஒன்று வந்து வருஷக்கணக்காகிவிட்டதாம். உடனே ஆளைக் கூப்பிட்டு நம்பர் போடச் சொன்னார். இடது கிளவுஸ் தொகுதி ஒன்று; வலது கிளவுஸ் தொகுதி இரண்டு. தொகுதி ஒன்று பார்வைக்கு மட்டும், வெளியே போகாது. தொகுதி இரண்டை உறுப்பினர்கள் இரவல் எடுத்துப் போகலாம்.

"மேடம், அது என்னோடது."

"சீலுக்கு முன்னாடி உங்களோடது சார்."

"சரி, அது போகட்டும். வெள்ளையா நீலமா, அதைச் சொல்லுங்க, நான் கிளம்பறேன்."

மோகனா வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "உங்க கேள்வி ரொம்பச் சின்னதா இருக்கு சார். ஒரு வார்த்தையில பதில் சொல்லி முடிச்சிடலாம் போல இருக்கு. அதெல்லாம் ஆராய்ச்சிச் சேவையில வராது. தகவல் மேசையிலதான் கேக்கணும்."

"தகவல் மேசை எங்க இருக்கு?"

"அதை மார்ச்சோட எடுத்துட்டோம். ஆனா கவலைப்படாதீங்க. வியாழக்கிழமை ஒரு பயிலரங்கு இருக்கு. 'கேள்வியை வளர்ப்பது எப்படி?' உங்க பேரை எழுதிக்கிறேன்."

மழை இன்னும் விடவில்லை. திரும்புகிற வழியில் பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்ற இடத்தில் நின்றது. ஜியாவுல்லா சீட்டில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு நிமிஷமும் ஒரு கிளவுஸ் பச்சையாவதாக அவருக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து சொன்னால் அஃப்ஸர் ஜஹான் நம்பவில்லை. "ஒரு வார்த்தை கேக்கப் போனீங்க, இருந்த கிளவுஸையும் குடுத்துட்டு வந்திருக்கீங்களே" என்றாள். ஷெட்டில் பெண்கள் உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். காலையில் துடைத்தது சாயங்காலம் திரும்ப முளைத்தது. தையல்காரர்களில் மூத்தவளான தேவகி, "பாய், லாரி போகுமா போகாதா, உண்மையைச் சொல்லுங்க. ஷெட் மூடறதா இருந்தா நாங்க வேற கம்பெனி பார்க்கணும்" என்றாள். ஜியாவுல்லா அவளிடமிருந்து துணியை வாங்கித் தானும் துடைக்க உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை பயிலரங்கில் இருபது நாற்காலியும் நிறைந்திருந்தது. பத்தொன்பதில் வாரிய ஊழியர்கள். வாசல் சவுரியம்மாள்கூட நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். மோகனா எட்டடி தூரத்தில் நின்று மைக்கில் பேசினார்.

"பதிலை எதிர்பார்த்துக் கேள்வி கேட்பது தொடக்க நிலை. நம் சகோதரர் 'வெள்ளையா நீலமா' என்கிறார். இதில் நிறம் இருக்கிறது, அவசரம் இருக்கிறது. பார்வை இருக்கிறதா?"

இல்லை என்று ஊழியர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். மத்தியானம் பூரி கிழங்கு போட்டார்கள். மாலைக்குள் ஜியாவுல்லாவின் கேள்வி நன்றாக வளர்ந்து, 'வடதமிழகத் தோல் மண்டலத்தில் பருவகால நுண்ணுயிர்ப் படர்தலும் அதன்பால் சிறு உற்பத்தியாளரின் மனநிலையும்: ஒரு தொடக்கநிலைப் பார்வை' என்று ஆகியிருந்தது. அதைப் படித்துப் பார்த்த ஜியாவுல்லாவுக்கு, தான் எதைக் கேட்க வந்தோம் என்பதே மறந்துவிடும்போல் இருந்தது. சீட்டை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுத்தார்கள்.

அஃப்ஸர் ஜஹான் சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "அட்டை நல்லா தடியாத்தான் இருக்கு. இதால தேய்ச்சுப் பாருங்க, பூசணம் போகுதான்னு."

அடுத்து 'தகவல் நடை'. அதையும் முடித்தால்தான் பதிலைப் பற்றிப் பேச முடியுமாம். மோகனா விசில் ஊதிக்கொண்டு முன்னால் போக, தலையில் வாரியத்தின் தொப்பியோடு ஜியாவுல்லா பின்னால் நடந்தார். அலமாரிகளை மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் ஒரு கண்ணாடி பீரோவுக்குமுன் நின்றார்கள். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் அவருடைய இடது கிளவுஸ். பக்கத்திலேயே தங்க எழுத்தில் ஒரு தடித்த புத்தகம். வாரிய இயக்குநர் டாக்டர் இளம்பரிதி பட்டம் வாங்கிய ஆய்வேடாம். கிளவுஸின் தாடி வெல்வெட்டைத் தாண்டி, ஆய்வேட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், இது பரவுது. புஸ்தகத்துக்குப் போய்டும்."

"காட்சிப் பொருளைத் தொடக்கூடாது சார்."

நடை முடிந்ததும் திருப்திப் படிவம் கொடுத்தார்கள். 'உங்களுக்குக் கிடைத்த பதில் எந்த அளவு பயனுள்ளது?'

"பதிலே கிடைக்கலையே மேடம்."

"அப்ப 'மிகவும்' போடுங்க சார். பதில் கிடைச்சவங்கதான் எப்பவும் குறை சொல்வாங்க."

அந்த நேரத்தில் மேஜைமேல் போன் அடித்தது. மோகனா எடுத்தவர், விசுக்கென்று எழுந்து நின்றார். "ஐயாவோட பெல்ட்டா? வெடிச்சிருக்கா? தேங்காய் எண்ணெய் வேணாம்னு சொல்லுங்க, கறுத்துடும். விளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு, பருத்தித் துணியில தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. வெயில்ல வைக்கவேணாம்." ஒரே மூச்சு. புத்தகம் பார்க்கவில்லை, பயிலரங்கு இல்லை. வைத்துவிட்டு உட்கார்ந்து, "இயக்குநர் ஐயாவோட பி.ஏ." என்றார் பக்தியோடு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜியாவுல்லா ஆச்சரியத்தோடு இதைத்தான் சொன்னார். "எல்லாம் மனப்பாடமா வெச்சிருக்காங்க அந்தம்மா. சாமான்யப்பட்ட மூளை இல்ல. இன்னும் ஒரே ஒரு நிகழ்ச்சிதானாம். ஆராய்ச்சி விழா. அதுல மேடையில வெச்சு டைரக்டரே கவர்ல போட்டு பதிலைக் குடுப்பாராம்."

"விழா என்னிக்கு?"

"லாரி வர்றதுக்கு மொத நாள்."

அஃப்ஸர் ஜஹான் வழக்கம்போல் கத்துவாள் என்று பார்த்தார். அவள் கத்தவில்லை. "அந்த லைப்ரரி நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். சான்றிதழின் அடியில் அச்சடித்திருக்கிறது என்றார்.

விழா நாளன்று ஜியாவுல்லா இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். சவுரியம்மாள் போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். ஹாலில் நுழைந்ததும் ஈரச் சாக்கு வாடை மூக்கில் ஏறியது. அவருக்குத் தெரியாத வாடையா? கண்ணாடி பீரோவில் ஆய்வேட்டுக்கு நன்றாகவே தாடி வந்துவிட்டது. பக்கத்து அலமாரியில் அறிக்கைகளின் முதுகெல்லாம் பச்சை. ஊழியர்கள் அதற்குக்கீழே 'பசுமை நூலகம்' என்று தோரணம் கட்டியிருந்தார்கள்.

மேடையில் இயக்குநருக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி. 'ஆண்டின் சிறந்த வாசகர்' என்று அவருக்கே பட்டம். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கண் கவரையே தேடியது. கவர் இயக்குநரின் கைக்கு அடியில் இருந்தது. இயக்குநர் எழுந்தார்.

"நான் பொறுப்பேற்ற காலத்தில் இந்த நூலகம் எப்படி இருந்தது தெரியுமா? சொல்லவே கூசுகிறது. கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது! வாசகர் வந்தார், கேட்டார், பதிலை வாங்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். பதில் கிடைத்த வாசகர் திரும்பி வருவதில்லை, நண்பர்களே. ஒரு கேள்வி, ஒரு வருகை. இதை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு நிதி கேட்பது? இன்று பாருங்கள். ஒரே கேள்விக்கு இந்தச் சகோதரரை எத்தனை முறை வரவழைத்திருக்கிறோம்! ஒவ்வொரு வருகையும் ஒரு சாதனை. பதில் என்பது ஒரு முடிவு. நாம் முடிவை நம்புவதில்லை, தொடர்ச்சியை நம்புகிறோம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ஜியாவுல்லாவால் உட்கார முடியவில்லை. பொன்னாடை முள்ளாகக் குத்தியது.

"சார், ஒரு நிமிஷம். உங்க புஸ்தகம்... அந்த பீரோவுல... பூசணம்..."

"கேள்விகள் நிகழ்ச்சியின் நிறைவில்" என்று இயக்குநர் புன்னகைத்துவிட்டு, கவரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். போட்டோக்காரர் இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை நீட்டினார். ஜியாவுல்லா அங்கேயே கிழித்தார். உள்ளே ஒரே வரி: 'தங்கள் வினா இரண்டாம் கட்டப் பரிசீலனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

நாளைக்கு லாரி. தேவகி முகம், மிஷின் முகம், வெறும் ஷெட்டின் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின. மேடையென்று பார்க்காமல் அழுதுவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அப்போது மோகனா குனிந்தபடி மேடை ஏறி இயக்குநரின் காதோரம் வந்தார். ரகசியமாகத்தான் பேசினார். மைக் அணைக்கவில்லை என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

"சார், கவலையே வேணாம். காலையில ஐயா வீட்டுலேருந்து வேலை செய்யற அம்மா போன் பண்ணாங்க. ஐயாவோட ஜெர்மன் ஷூ எல்லாம் பூசணமாம். வெள்ளைக் கேனா நீலக் கேனான்னு கேட்டாங்க. நான் உடனே சொல்லிட்டேன் சார். நீலம்தான். வெள்ளையை ஜெர்மனியில தொடவே கூடாது. தண்ணியில கலந்து பஞ்சுல தொட்டுத் தொடச்சு, ஃபேன் காத்துல காய வைங்கன்னேன். ரெண்டு பேரைக் கேனோட ஐயா வீட்டுக்கும் அனுப்பிட்டேன்."

ஹால் முழுக்க அது எதிரொலித்தது.

இயக்குநர் விழித்தார். "என் வீட்டுல வேலைக்கு யாரும் இல்லையேம்மா. வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தேன். என்கிட்ட ஜெர்மன் ஷூவும் கிடையாதே!"

"பேசினாங்களே சார். பாதி உருது கலந்து பேசினாங்க. அதட்டலா இருந்துச்சா, எழுந்து நின்னே பதில் சொன்னேன்."

ஜியாவுல்லா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த அதட்டல் அவருக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம். "சிறந்த வாசகர் உரை" என்று யாரோ அறிவித்துக்கொண்டிருக்க, அவர் படியிறங்கி வாசலுக்கு ஓடினார். சவுரியம்மாள் போனைக் கொடுத்தார். வீட்டிலிருந்து எக்கச்சக்கமாக அழைப்பு வந்து நின்றிருந்தது. திரும்ப அடித்தால் எடுப்பாரில்லை. பஸ் பிடித்து, மாதனூரில் ஒரு தடவை, ஆம்பூர் நெருங்கும்போது ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பொன்னாடையை எடுக்கவும் மறந்து, நின்றுகொண்டே வந்தார்.

ஷெட்டுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவருக்குச் சுவர் கயிறு. கயிறு கொள்ளாமல் கிளவுஸ். கடன் வாங்கி வந்த ஃபேன்கள் நாலு மூலையிலும் சுற்ற, ஆயிரம் பேர் ஒன்றாகக் கையசைப்பதுபோல் அத்தனை கிளவுஸும் ஆடின. ஒன்றில்கூடப் பச்சை இல்லை. மூலையில் சமீருல்லா கடையின் நீலக் கேன்கள், காலியாக. பெண்கள் கைகால் ஓய்ந்து தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தேவகி அவருடைய பொன்னாடையைப் பார்த்து, "இன்னா பாய், கல்யாணமா?" என்று சிரித்தாள். பிறகு, "எல்லாம் சரியா இருக்கு. ஒரு ஜோடி மட்டும் கம்மி வருது" என்றாள்.

"அது வராது. புதுசா ஒரு ஜோடி தைச்சுப் போடு" என்றார் ஜியாவுல்லா.

அவர் அஃப்ஸர் ஜஹானைத் தேடினார். கடைசிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, மருந்து பட்டுச் சிவந்த விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றார். சந்தோஷம் ஒரு பக்கம். இத்தனை நாள் தொப்பி போட்டுக்கொண்டு அலமாரியைச் சுற்றி நடந்த அவமானம் ஒரு பக்கம்.

"நானும் அதே லைப்ரரியிலதான் கேட்டேன். அதே அம்மாகிட்ட, அதே கேள்வியைத்தான் கேட்டேன்" என்றார். "எனக்கு ஏன் சொல்லல?"

அஃப்ஸர் ஜஹான் அவர் தோளிலிருந்து பொன்னாடையை உருவி மடித்து, பெட்டிமேல் வைத்தாள்.

"நீங்க எது வேணும்னு சொன்னீங்க. நான் யாருக்கு வேணும்னு சொன்னேன்."